சோளகவிடு தூதின் பின்பாதி

கடிதம் வந்த நாள் தொடக்கம் பண்டிதர் ஆழ்வாப்பிள்ளைக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடிக்கு நடப்பார். அங்கே அவருக்கு ஒரு அலுவலும் கிடையாது. அங்கிருந்து அச்சகத்து வாசல்வரை வருவார். உள்ளே போகாமல் திரும்பிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மேசை லாச்சியை இழுத்து, கடிதம் கிடக்கிறதா என்று பார்ப்பார். கிடக்கும். ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர், கடிதத்துக்குக் கால் முளைத்து அது எங்கேயாவது போய்த் தொலையாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் சிரிப்பு வரும்தான். அதில் எழுதியிருந்ததை அறிந்தால் அவ்வளவு சிரிப்பு வராது.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதம். ‘இடைக்காலம்’ என்ற காலாண்டிதழை அவர் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. இடைக்காலத்துத் தூது, பள்ளு, அம்மானை, குறவஞ்சி இவற்றைத் தவிர வேறு எதுவும் அதில் வராது. முந்நூறு பிரதி. அச்சிட்டுக் கொடுப்பவர் ஊர்காவற்றுறையிலேயே அச்சகம் வைத்திருந்த வின்சன்ற். கலியாண அழைப்பிதழ்களுக்கும், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களுக்கும் நடுவே இடம் கிடைக்கும்போது வின்சன்ற் இடைக்காலத்தை அடிப்பார். "கலியாணமும் சாவும் முந்தி, உங்கட ஏடு பிந்தி" என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார்.

முந்நூறு பிரதிதானே என்று யாரும் இளக்காரமாக எண்ணவேண்டாம். முதல் இதழில் பண்டிதர் எழுதிய கட்டுரை போகாத இடமில்லை. சோளகவிடு தூது என்ற பழைய நூலைப் பற்றியது அது. நல்லூரில் அரசர்கள் இருந்த காலத்தில் நெடுந்தீவுப் பெண் ஒருத்தி, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைக் கூப்பிட்டு, தலைவனிடம் தூது போகச் சொல்கிறாள். காற்றைப் புகழ்கிறாள். எந்தத் தீவைக் கடந்து எந்தக் கோயிலடியால் போகவேண்டும் என்று வழி சொல்கிறாள். ‘இனி நீ சொல்லவேண்டியது கேள்’ என்கிறாள். அந்த இடத்தில், நூற்றாறாவது கண்ணியில், நூல் நின்றுவிடுகிறது. செய்தி இல்லை.

ஏடு தொலைந்துபோயிருக்கும் என்று வேறு யாரும் இரண்டு வரியில் எழுதி முடித்திருப்பார்கள். பண்டிதர் அப்படி விடவில்லை. புலவன் வேண்டுமென்றே நிறுத்தினான், தலைவன் இறைவன், இறைவனிடம் சொல்ல மொழி போதாது, ஆகையால் மௌனமே செய்தி என்று இருபத்தாறு பக்கம் எழுதினார். தலைப்பு: ‘சொல்லாமல் விட்ட செய்தி’. சென்னையில் ஒரு பேராசிரியர் அதை வைத்து ஒரு புத்தகமே போட்டார். இங்கே மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடமாக்கினார்கள். ஒல்லாந்து தேசத்து அறிஞர் ஒருவர் நீல மையில் கடிதம் எழுதினார். அது கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே தொங்கியது. இப்போது சென்னையில் கருத்தரங்கு. ஆடி மாதம் அவர் போய் அந்தக் கட்டுரையைப் பற்றியே ஒரு மணித்தியாலம் பேசவேண்டும். நாற்பத்தெட்டாம் இதழைச் சிறப்பிதழாக அடித்துக் கையோடு கொண்டுபோக ஏற்பாடு.

இந்த நேரத்தில்தான் நெடுந்தீவிலிருந்து கடிதம் வந்தது.

‘பதிப்பாசிரியர் அவர்களுக்கு. சோளகவிடு தூது நூற்றாறாம் கண்ணியோடு நின்றது என்பது தங்கள் முடிவு. எங்கள் வீட்டில் உள்ள ஏடு நூற்றேழாம் கண்ணியில் தொடங்கி இருநூற்றொன்பதில் முடிகிறது. கடைசி ஓலையில் முற்றும் என்று எழுதியிருக்கிறது. படியெடுத்துக் கட்டுரை ஒன்றும் எழுதியுள்ளேன். வரும் இதழில் வெளியிடுவீர்களா என அறியத் தரவும். ஐ. சத்தியபாமா.’

நெடுந்தீவில் ‘ஐ’யில் தொடங்கும் பெயருள்ள தகப்பன்மார் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று பண்டிதர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சகலன் ஐயாத்துரையைத் தவிர வேறொரு பெயரும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் ஒரு பதில் எழுதினார். நல்ல பதில், துறை தெரிந்தவர் எழுதுகிற பதில். ‘தாங்கள் குறிப்பிடும் பகுதி பிற்காலத்தவர் எவரோ இயற்றிச் சேர்த்த இடைச்செருகலாக இருக்கக்கூடும். நடையை நோக்க அவ்வாறே தோன்றுகிறது.’ நடையை அவர் நோக்கவே இல்லை. ஒரு வரிகூட வாசிக்கவில்லை. ஆனாலும் இடைக்காலம் இடைச்செருகல் என்று சொன்னால் அது இடைச்செருகல்தான் என்பது அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சிறிய இதழ் அவ்வளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு பெட்டை எழுதிய கடிதம் அதோடு செத்துப்போகும். அவருடைய பெயர் நிற்கும்.

பதிலை உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார். பெட்டியடியில் நின்றார். சோளகம் வேட்டியைப் பிடித்து இழுத்தது. போடாமல் திரும்பி வந்தார். மறுநாளும் போனார். மறுநாளும் திரும்பினார்.

வழியில் வின்சன்ற் மறித்தார்.

"பண்டிதர், நாலு பக்கம் வெறுமையாக் கிடக்கு. உங்கட ஆசிரியர் கட்டுரையைத் தாருங்கோ. நாளைக்கு மறுநாள் எனக்கு ஒரு கல்வெட்டு வரப்போகுது."

"ஆர் செத்தது?"

"இன்னும் சாகேல்லை. டொக்ரர் நாள் சொல்லியிருக்கிறார்."

"தாறன், தாறன்" என்று கையை வீசிவிட்டுப் பண்டிதர் நடந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மனைவி இராசமணி சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, வழக்கமாகக் குசினிக்குள் போகிறவள் போகாமல் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அஞ்சு நாளாச் சோத்தைக் கிளறிக்கொண்டு இருக்கிறியள். என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை." சோற்றைப் பிசைந்தார். பிறகு, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல், "அந்தத் தூது ஏடு உம்மட வீட்டில இருந்து வரேக்கை எத்தினை ஓலை இருந்தது?" என்றார்.

இராசமணி முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"எங்கட பங்குக்கு எத்தினையோ அத்தினையும் வந்தது."

"பங்கோ?"

"ஓம், பங்கு. அப்புவுக்கு நாங்கள் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். காணியைப் பிரிச்சார், பனையைப் பிரிச்சார், மாட்டைப் பிரிச்சார். ஏடு ஒண்டுதான். அதையும் பிரிச்சார். முன்பாதி எனக்கு, பின்பாதி நல்லம்மாவுக்கு. சீதன உறுதிப் பத்திரத்திலயும் எழுதிக் கிடக்கு. நீங்கள் வாசிக்கேல்லையே?"

அவர் வாசிக்கவில்லை. மாப்பிள்ளை தானே உறுதியை வாங்கிப் புரட்டினால் ஆசைபிடித்தவன் என்று சபையில் நினைப்பார்கள் என்பதற்காக, அன்றைக்குத் தகப்பனாரும் சிறிய தகப்பனாரும் வாசிக்க, அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அது அலுமாரிக்குள் போனது. இருபத்தேழு வருடம் அங்கேயே இருந்தது. நானூறு வருடத்து ஓலையைப் பூதக்கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக வாசித்த மனிதருக்கு, சொந்த வீட்டு அலுமாரியில் இருந்த கடதாசியை எடுத்துப் பார்க்க வேளை வரவில்லை.

கை கழுவாமலே எழுந்துபோய் உறுதியை எடுத்தார். நொத்தாரிசின் சரிந்த எழுத்து. நிலம், கிணற்றுப் பங்கு, பனைகள், பசுக்கள், பித்தளைச் சாமான்கள். கடைசியில்: ‘தூது ஏட்டுச் சுவடி ஒன்றில் முன்பாதி.’

"எனக்கு ஏன் நீர் சொல்லேல்லை?" குரல் அவரை மீறி உயர்ந்துவிட்டது. "பன்னிரண்டு வரியமா உலகத்துக்கு முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறன்!"

"சொல்லத் துவங்கினனான்." இராசமணி சத்தம் போடவில்லை. "ஐம்பத்தேழில நீங்கள் ஏடு தேடித் திரியேக்கை நான்தான் பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தனான். ‘இது என்ர பங்கு, மற்றது நல்லம்மா...’ எண்டு சொல்ல வாயெடுத்தன். நீங்கள் கையைக் காட்டி நிப்பாட்டினீங்கள். அந்த வீட்டுப் பேர் இந்த வீட்டில எடுக்கப்படாது எண்டு நீங்கள்தானே சொன்னது. நான் எடுக்கேல்லை."

அந்தக் கை அவருக்கு ஞாபகம் வந்தது. இப்போது அதில் சோறு காய்ந்துபோய் இருந்தது.

அந்த வீட்டில் அவருக்கு என்ன கோபம் என்பதையும் சொல்லிவிடவேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதாம் ஆண்டு மாமனார் இறந்தபோது, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சடிக்கும் பொறுப்பை இளைய மருமகன் ஐயாத்துரை எடுத்தார். மாடும் வயலுமாக இருந்த மனிதர். புத்தகத்தில் ‘மூத்த மருமகன் ஆழ்வாப்பிள்ளை’ என்று போட்டிருந்தது. பெயருக்கு முன்னால் ‘பண்டிதர்’ இல்லை. அவ்வளவுதான். பந்தியில் இருந்த பண்டிதர் சாப்பாட்டு இலையை அப்படியே விட்டு எழுந்தார். இராசமணியைக் கூட்டிக்கொண்டு அடுத்த வள்ளத்தில் ஏறினார். ஐயாத்துரை துறைவரைக்கும் பின்னால் ஓடிவந்தார். மூன்று வருடத்துக்கு முன் ஐயாத்துரை இறந்து தந்தி வந்தபோது, கடல் கொந்தளிப்பு, வள்ளம் ஓடாது என்று பண்டிதர் சொல்லிவிட்டார். வள்ளம் ஓடியது. இராசமணி கிணற்றடியில் தலைக்கு வார்த்துவிட்டு இரண்டு நாள் குசினியை விட்டு வெளியே வரவில்லை. அதை நினைத்தபோது, கடிதம் வந்த இந்த ஐந்து நாளில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி அவருக்குப் பயம் வந்தது.

மறுநாள் காலை அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது, இராசமணி புடைவை மாற்றி வாசலில் நின்றாள். கையில் சீலையில் சுற்றிய பொதி ஒன்று.

"நானும் வாறன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

சோளகத்தில் மோட்டார் வள்ளம் தூக்கித் தூக்கி எறிந்தது. பண்டிதருடைய சட்டைப் பையில் இடைச்செருகல் கடிதம் நனைந்துகொண்டிருந்தது. அதை இன்னும் அவர் எடுத்து எறியவில்லை. ஏட்டை ஒருமுறை நேரில் பார்ப்போம், ஒருவேளை உண்மையிலேயே நடை சரியில்லாமல் இருந்தால் என்று ஒரு மூலையில் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இராசமணி பொதியை மடியில் அணைத்தபடி, கடல் தண்ணீர் அதில் படாமல் குனிந்து இருந்தாள்.

நெடுந்தீவில் இறங்கி, பவளக் கல் அடுக்கிய மதிலோரமாக நடந்து அந்தப் படலையைத் திறந்தபோது, நல்லம்மா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். அழவில்லை. கையைக் கழுவிவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாங்கோ அத்தான். இருங்கோ" என்றாள், போன கிழமை வந்தவரை வரவேற்பதுபோல.

உள்ளேயிருந்து வந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு ஐயாத்துரையின் நெற்றி. "நீர்தானோ எழுதினது?" என்று பண்டிதர் கேட்டார்.

"ஓம்."

"ஏன் பிள்ளை, பெரியப்பா எண்டு எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருந்தால் உறவுக்காகப் போட்டதெண்டு பிறகு ஆரும் சொல்லுவினம்." சத்தியபாமா நேரே பார்த்துச் சொன்னாள். "உங்கட கட்டுரை பல்கலைக்கழகத்தில எங்களுக்குப் பாடம். சொல்லாமல் விட்ட செய்தியைப் பற்றி ஆராய்க எண்டு சோதினையில கேட்டவை. செய்தி எனக்குச் சின்ன வயசில இருந்து மனப்பாடம். எண்டாலும் மௌனந்தான் செய்தி எண்டு பத்துப் பக்கம் எழுதினனான். வேறை மாதிரி எழுதினால் புள்ளி விழாது."

"எத்தினை புள்ளி விழுந்தது?"

"எண்பத்தொண்டு."

பண்டிதர் கதிரையில் இருந்தார். இடைக்காலத்தின் புகழை அவர் எத்தனையோ விதமாக அளந்து பார்த்திருக்கிறார். இப்படி ஒரு அளவை அவர் கண்டதில்லை.

"மனப்பாடமோ?" என்று கேட்டார், ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காக.

நல்லம்மாதான் பதில் சொன்னாள். "வரியாவரியம் ஆவணியில அம்மன் கோயில்ல வாசிக்கிறனாங்கள் அத்தான். அப்பு அப்பிடித்தான் சொல்லிவிட்டவர். ரெண்டு பிள்ளையளும் தங்கட தங்கட பாதியைக் கொண்டு வரவேணும், சேத்து வாசிக்கவேணும் எண்டு. அதுக்குத்தான் பிரிச்சவர். இல்லாட்டில், கலியாணம் முடிச்சுக் கடல் தாண்டிப் போனதுகள் திரும்பி வராதுகள் எண்டு அவருக்குத் தெரியும்."

"என்னட்டையும் சொன்னவர். அப்பு இருக்குமட்டும் நான் கொண்டு வந்தனான், நீங்கள்தான் ஒருநாளும் அந்தக் கோயிலுக்கு வரேல்லை" என்றாள் இராசமணி நிலத்தைப் பார்த்தபடி.

"அப்பு செத்த பிறகும் இவளின்ர அப்பா விடேல்லை. சபை கூடியிருக்கும். துவங்குவமோ எண்டு ஐயர் கேப்பார். பொறுங்கோ, முன்பாதி வரவேணும் எண்டு இவர் எழும்பித் துறைக்குப் போவார். கடைசி வள்ளம் வந்து, அதில ஒருதரும் இல்லையெண்டு கண்ட பிறகுதான் திரும்பி வருவார். பிறகு பாதியிலயிருந்து வாசிப்பம். இப்ப இவரும் இல்லை. ஆனால் ஊர்ச்சனம் அந்த வள்ளம் வருமட்டும் இருந்து பாக்குது. இளசுகள் அதுதான் கோயில் முறை எண்டு நினைக்குதுகள்."

அவளுடைய குரல் முதல்முறையாகத் தடுமாறியது.

"உங்கட பேருக்கு முன்னால ஒரு சொல்லு விட்டுப்போச்செண்டு பத்தொன்பது வரியம் நீங்கள் வரேல்லை அத்தான். அப்புவின்ர பாட்டில பாதி விட்டுப்போச்சு. அதுக்கு நாங்கள் எத்தினை வரியம் வராமல் இருக்கிறது?"

தமிழில் பண்டிதருக்குத் தெரியாத சொல் குறைவு. தெரிந்ததில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

இராசமணி மடியில் இருந்த பொதியை அவிழ்த்து ஓலைகளை வெளியே எடுத்தாள். சத்தியபாமா உள்ளே போய்த் தங்கள் பாதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஒரே அகலம், ஒரே கறுப்பு, ஒரே கை எழுத்து. துளைகூட நேருக்கு நேர் இருந்தது. நடையை நோக்க ஒன்றுமே மிஞ்சவில்லை.

"செய்தியை வாசியும் பிள்ளை" என்றார்.

அவள் ஓலையைப் பார்க்காமலே சொன்னாள். தலைவன் இறைவனும் இல்லை, அரசனும் இல்லை. அரசனுடைய தோணியில் வேலைக்குப் போன ஒரு நெடுந்தீவான். கேணி வற்றிவிட்டது என்று சொல் காற்றே, என்கிறாள் அந்தப் பெண். சிவத்த பசு கன்று போட்டது. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான். கூரை ஓலை உக்கிவிட்டது. மாரிக்கு முன் வந்து வேய்ந்துவிட்டுப் போகச் சொல். வர ஏலாது என்றால், வர ஏலாது என்றாவது அவரிடம் கேட்டு வந்து சொல். நான் துறையில் நின்று பார்ப்பதையாவது விடுகிறேன்.

இருபத்தாறு பக்க மௌனமும் அந்த முற்றத்தில் விழுந்து போயிற்று. போனது தன்னுடைய பன்னிரண்டு வருடம் என்று தெரிந்தும், கேட்டுக்கொண்டிருந்தபோது அது நல்ல பாட்டு என்றுதான் பண்டிதருக்குத் தோன்றியது. தன் கட்டுரையைவிட நல்ல பாட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையில் இருந்த உறையை எடுத்து, பிரிக்காமலே நாலாகக் கிழித்து, மாட்டுக்குத் தவிடு கரைத்த வாளிக்குப் பக்கத்தில் போட்டார்.

"உம்மட கட்டுரை எத்தினை பக்கம்?"

"பதினெட்டு."

"நாலு பக்கந்தான் வெறுமையாக் கிடக்கு." யோசித்தார். "என்ரை பழைய கட்டுரையைத் திரும்பப் போடுறதெண்டு பதினாலு பக்கம் வைச்சிருந்தனான். அதை எடுத்துப்போட்டு உம்மடையைப் போடுவம்."

"முழுசா?"

"முழுசா. இவ்வளவு நாளும் பாதி போட்டது காணும்."

நாலாம் நாள் அச்சகத்தில் வின்சன்ற் திருத்தத்துக்கு மை காயாத புரூவ் தாளை நீட்டினார். ‘சோளகவிடு தூது: பின்பாதியும் செய்தியும். ஐ. சத்தியபாமா.’ அதற்கு மேலே ஆசிரியர் குறிப்பு, எட்டே வரி. ‘இடைக்காலம் முதல் இதழில் யான் கூறிய முடிவு பிழையானது. நூல் முழுமையாகவே உள்ளது. அதன் பாதி, என் மனைவியின் தங்கை வீட்டில், நான் போகாத காரணத்தால் எனக்குத் தெரியாமல் இருந்தது.’

வின்சன்ற் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதைக் கொண்டு இந்தியாவுக்குப் போகப்போறியளோ?"

"போவன். சொல்லாமல் விட்ட செய்தி என்னெண்டு கேட்பினம். கூரை வேயச் சொன்னதெண்டு சொல்லுவன். ஆவணிக்கு முந்தித் திரும்பி வரவேணும். நெடுந்தீவில வாசிப்பு இருக்கு."

குறிப்பின் அடியில் ‘பண்டிதர் ஆழ்வாப்பிள்ளை’ என்று கொட்டை எழுத்தில் கோர்த்திருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு இதழிலும் அப்படித்தான். அவர் பேனையை எடுத்து, முதல் சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

வின்சன்ற் கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இது நான் விட்டதெண்டு பிறகு என்னோட கோவிக்கப்படாது."

"கோவிக்கமாட்டன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "அடியும்."